கொழும்பில் பிள்ளைக்கு ஞானஸ்நானம்: யாரிடம் போவது, என்ன கொண்டுபோவது, எப்போது தொடங்குவது

எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம் கிடைத்தபோது அவளுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. பிறந்து ஓரிரு மாதத்திலேயே கொடுத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தோம். மன்னாரில் எங்கள் ஊர் என்றால் அம்மா பூசை முடிந்து ஃபாதரிடம் ஒரு சொல் சொல்லியிருப்பார், அடுத்த மாதத்துக்குள் வேலை முடிந்திருக்கும், ஏனென்றால் அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கொழும்பில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பங்கில் ஒருவரையும் தெரியாமல், கைக்குழந்தையோடு ஓட்டோ பிடித்துப் போய், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கடிதம் குறைகிறது என்று திரும்பி வந்தோம். வேலைக்காகவோ படிப்புக்காகவோ இங்கே வந்து குடியேறியிருக்கும் மற்றக் குடும்பங்கள் இப்படி அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நாங்கள் கத்தோலிக்கர், ஆகவே கத்தோலிக்க முறைதான் விரிவாக வரும். படிவங்களில் திருமுழுக்கு என்று இருக்கும், வீட்டில் ஞானஸ்நானம் என்போம், இரண்டும் ஒன்றுதான்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். கேட்கப்படும் கடிதங்களைப் பார்த்தால் எரிச்சல் வரும், எனக்கும் வந்தது. ஆனால் எல்லாக் கடிதத்துக்கும் பின்னால் ஒரே கேள்விதான் இருக்கிறது: இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கப்போவது யார்? ஞானஸ்நானம் என்பது பெயர் வைக்கும் சடங்கு இல்லை. கிறிஸ்துவோடு சாவுக்குள் அடக்கமாகி அவரோடு புது வாழ்வுக்கு எழும்புவது என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 6ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். வாய் பேசாத பிள்ளைக்குப் பதிலாக அந்த வாக்கை நாங்கள் கொடுக்கிறோம், அப்படியென்றால் நாங்கள் யார் என்று திருச்சபை கேட்கத்தானே வேண்டும்? இது விளங்கிய பிறகு பங்கு அலுவலக வாசலில் நின்றாலும் எனக்குக் கோபம் வரவில்லை.

1. உங்கள் பங்கு எது என்று கண்டுபிடியுங்கள்

பங்கு என்பது நீங்கள் விரும்பிப் பூசைக்குப் போகும் கோயில் இல்லை, நீங்கள் குடியிருக்கும் வீதி எந்தக் கோயிலின் எல்லைக்குள் வருகிறதோ அதுதான். கொழும்பில் கோயில்கள் கிட்டக் கிட்ட இருப்பதால் இதில் பலரும் தடுமாறுவார்கள். நாங்கள் ஒன்றரை வருடமாக ஒரு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம், ஆனால் எங்கள் வீதி பக்கத்துப் பங்குக்கு உரியது என்று அலுவலகத்தில்தான் தெரியவந்தது. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீட்டில் விசாரியுங்கள், அல்லது அருகில் உள்ள எந்தப் பங்கு அலுவலகத்திலும் வீதியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே போய்ப் பதிந்துகொள்வது நல்லது. ஞானஸ்நானம் கேட்கத்தான் முதன்முதலாக அந்த வாசலை மிதிக்கிறீர்கள் என்றால் கேள்விகள் கூடும்.

கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறோம், அங்கேதான் கொடுக்க வேண்டும் என்பவர்களும் இருப்பீர்கள். ஊரில் தாத்தா பாட்டி முன்னால் கொடுக்க விரும்புவோரும் உண்டு. செய்யலாம், ஆனால் உங்கள் பங்குத்தந்தையின் அனுமதிக் கடிதம் இல்லாமல் மற்ற இடத்தில் ஏற்க மாட்டார்கள். கடிதத்தை வாங்கிவிட்டு அங்கே திகதி கேளுங்கள், தலைகீழாகச் செய்யாதீர்கள்.

அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளிலும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் உண்டு. பப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் கைக்குழந்தையைப் பிரதிஷ்டை செய்து ஜெபிப்பார்களே தவிர ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள், பிள்ளை வளர்ந்து தானாக விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகுதான். கணவன் ஒரு சபை மனைவி ஒரு சபை என்றால் இதை முதலே வீட்டுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

2. பிறப்புப் பதிவை இழுத்தடிக்காதீர்கள்

பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் காலம் கடந்த பதிவு என்று அது தனி அலைச்சலாகிவிடும். பிள்ளை பிறந்த இடத்துக்குரிய பதிவாளரிடம்தான் பதிவு நடக்கும், நீங்கள் குடியிருக்கும் இடத்தில் இல்லை. ஞானஸ்நானப் புத்தகத்தில் பெயரும் பிறந்த திகதியும் பெரும்பாலும் இந்தப் பத்திரத்தைப் பார்த்துத்தான் எழுதப்படும்.

பெயரில் கவனம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் வேறொன்று என்று வைத்தால், பாடசாலை அனுமதியில் தொடங்கிக் கல்யாணம் வரைக்கும் இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். புனிதரின் பெயர் வைக்க விருப்பமா, பிறப்புப் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள். தமிழ்ப் பெயராக இருக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக இருக்கலாம், கிறிஸ்தவ உணர்வுக்கு மாறான பெயராக இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் சட்டம்.

3. ஞானப்பெற்றோர்: இங்கேதான் மாதங்கள் போகும்

எங்களுக்கு மூன்று மாதம் இதில்தான் போனது.

ஞானப்பெற்றோர் என்றால் ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குத் துணையாக நின்று, அதை விசுவாசத்தில் வளர்க்க உதவுகிறவர்கள். ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்று இருவரும் கட்டாயம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஒருவர் போதும். ஆணோ பெண்ணோ ஒருவர் இருக்கலாம், அல்லது ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருவர். இரண்டு சித்திமார் இருவரையும் வைக்க முடியாது. 16 வயது முடிந்திருக்க வேண்டும், கத்தோலிக்கராக இருக்க வேண்டும், நற்கருணையும் உறுதிபூசுதலும் பெற்றிருக்க வேண்டும், விசுவாசத்துக்கு ஏற்ற வாழ்க்கை வாழ்பவராக இருக்க வேண்டும், பிள்ளையின் சொந்தத் தாய் தகப்பனாக இருக்கக் கூடாது.

உறுதிபூசுதல்தான், அதாவது ஞானஸ்நானத்தில் பெற்ற விசுவாசத்தை உறுதிப்படுத்தும் திருவருட்சாதனம்தான், பலர் விழும் இடம். என் கணவரின் சிநேகிதர் ஒருவரைக் கேட்டிருந்தோம், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், ஆனால் சிறுவயதில் குடும்பம் இடம்பெயர்ந்து திரிந்ததில் உறுதிபூசுதல் பெறவில்லை. அவருக்கே அது நினைவில்லை. அவருடைய முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆகவே ஒருவரை வாய்விட்டுக் கேட்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்ட பிறகு வேண்டாம் என்று சொல்வது உறவை நோகடிக்கும். பதிவுத் திருமணம் மட்டும் செய்துகொண்டு கோயிலில் இன்னும் கட்டாமல் இருக்கும் கத்தோலிக்கரையும் பொதுவாக ஏற்க மாட்டார்கள்.

அங்கிலிக்கன் அல்லது மெதடிஸ்த உறவினர் ஒருவரை வைக்க ஆசையென்றால், ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சேர்த்து அவரைச் சாட்சியாக நிறுத்தலாம். சைவ சிநேகிதர்களை அப்படி வைக்க முடியாது. அவர்களுக்கு மரியாதையாகச் செய்ய வேறு எத்தனையோ இருக்கிறது, எங்கள் பக்கத்து வீட்டு அன்ரிதான் அன்றைக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டி வெள்ளை உடுப்புப் போட்டுவிட்டார்.

கடைசியில் என் அக்காவே ஞானத்தாய் என்று முடிவாயிற்று. அவருடைய பங்குத்தந்தையிடமிருந்து தகுதிக் கடிதம் வேண்டும், ஞானஸ்நானச் சான்றிதழும் வேண்டும். ஊர்க் கோயிலில் புத்தகத்தைப் புரட்டினால் அக்காவின் பெயரே இல்லை. அவர் பிறந்த நேரம் குடும்பம் இடம்பெயர்ந்து மடுவில் இருந்தது, ஆகவே பதிவும் மடுவில்தான் இருந்தது. வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்கள் இதைக் கவனியுங்கள்: எந்த ஊர்க்காரர் என்று பார்க்காதீர்கள், அந்த வருடம் குடும்பம் எங்கே இருந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். பதிவு எங்குமே கிடைக்காவிட்டாலும் வழி அடைபட்டுவிடாது. ஞானஸ்நானத்தை நேரில் பார்த்த நம்பகமான ஒருவரின் வாக்குமூலத்தை ஏற்கத் திருச்சபைச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் தம்பியை வைக்க விரும்பினால், அவர் சார்பில் இங்கே ஒருவர் நிற்கலாமா என்று ஃபாதரிடம் முதலே கேளுங்கள். ஆனால் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். விமானச்சீட்டோடு வருபவரைவிட, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிவந்து தலைமாட்டில் இருந்து ஜெபிக்கக்கூடியவரைத் தேடுங்கள்.

4. ஆஸ்பத்திரியில் அவசரமாகத் தண்ணீர் ஊற்றியிருந்தால்

இதை எழுதக் கொஞ்சம் கை நடுங்குகிறது. மகள் 32ஆம் வாரத்தில் பிறந்தவள். இரண்டாம் இரவு அவளுக்கு மூச்சுத் திணறுகிறது என்று என்னை எழுப்பினார்கள். கண்ணாடிப் பெட்டியின் வட்டத் துவாரத்துக்குள் கையை விட்டேன். மூக்குக் குழாயை ஒட்டிய பிளாஸ்டர் கன்னம் முழுவதையும் மூடியிருந்தது, நெற்றியில் என் பெருவிரல் வைக்கும் அளவுதான் இடம் இருந்தது. கொதித்தாறிய தண்ணீரில் ஒரு சின்னப் பஞ்சை நனைத்து அங்கே வைத்தேன். பெயரைச் சொன்னேன். 'பிதா' என்று தொடங்கியது ஞாபகம் இருக்கிறது. மிச்சத்தை வாய்விட்டுச் சொன்னேனா, அழுகையில் விழுங்கினேனா, தெரியவில்லை.

பிறகு பங்கில் பேசும்போது, ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றுதான் சொன்னேன். ஃபாதர் பொறுமையாகக் கேட்டார்: தண்ணீர் தோலில் ஓடியதா, ஒற்றி எடுத்ததா? என்ன சொற்கள் சொன்னீர்கள்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஒன்றுக்கும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

இதைப் படிக்கும் தாய்மாருக்காக விளக்கமாகச் சொல்கிறேன். உயிருக்கு ஆபத்தென்றால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தாய், தகப்பன், தாதி, கிறிஸ்தவர் அல்லாதவர்கூட, திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால் போதும். தாதியிடம் கேட்டுவிட்டு, சுத்தமான தண்ணீரைத் தலையில் ஊற்றுங்கள். சில துளி போதும், ஆனால் அது தோலில் ஓட வேண்டும். ஊற்றும்போதே பிள்ளையின் பெயரைச் சொல்லி, 'பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்' என்று சொல்லுங்கள். 'நான்' என்பதை மாற்றாதீர்கள். 'நாங்கள்' என்று சொல்லிக் கொடுத்தது செல்லாது என்று வத்திக்கான் 2020இல் தெளிவாக அறிவித்தது. முடிந்ததும் திகதி, நேரம், ஊற்றியவர், கூட இருந்தவர் பெயர்களை ஒரு துண்டுக் கடதாசியிலாவது எழுதி வையுங்கள்.

அது முறையாக நடந்திருந்தால் மீண்டும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். எண்ணெய் பூசுவது, வெள்ளை உடை, மெழுகுதிரி போன்ற மிச்சச் சடங்குகளைக் கோயிலில் செய்து புத்தகத்தில் பதிவார்கள். விசாரித்தும் சந்தேகம் தீராவிட்டால், 'நீ ஞானஸ்நானம் பெறாதிருந்தால்' என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள். எங்கள் மகளுக்கு அப்படித்தான் நடந்தது. அன்றிரவு நான் செய்தது வீண் இல்லை என்று ஃபாதர் சொன்னார், அந்தச் சொல் எனக்குப் போதுமாக இருந்தது.

5. ஃபைலில் என்ன இருக்க வேண்டும்

எங்களிடம் கேட்டவை: பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தாய் தகப்பன் இருவரின் ஞானஸ்நானச் சான்றிதழ், கோயில் திருமணச் சான்றிதழ், ஞானத்தாயின் சான்றிதழும் பங்குக் கடிதமும், நாங்கள் முன்பு இருந்த பங்கிலிருந்து ஒரு கடிதம், அடையாள அட்டைப் பிரதிகள். பங்குக்குப் பங்கு இது மாறும், ஆகவே பட்டியலை எழுதித் தரச்சொல்லி வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் அறிவித்தலைப் போனில் படம் எடுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு போட்டோக்கொப்பி, மூலப்பத்திரம் தனியாக. வெளிமாவட்டத்திலிருந்து வர வேண்டிய கடிதங்களுக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். அங்கே ஒரு ஃபாதர் இரண்டு மூன்று கோயில்களைப் பார்த்துக்கொண்டிருப்பார், பெரிய புத்தகத்தைத் தேடியெடுக்க அவருக்கும் நேரம் வேண்டும்.

உங்கள் திருமணம் கோயிலில் நடக்கவில்லை, அல்லது ஒருவர் சைவம் என்பதற்காகப் பயந்து ஒதுங்காதீர்கள். தாய் தகப்பனில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், பிள்ளையைக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்ப்பார்கள் என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். சட்டம் கேட்பது இதைத்தான். போய் உண்மையைச் சொல்லுங்கள். முதலாம் வகுப்பு அனுமதி நெருங்கும்போது சான்றிதழுக்காக மட்டும் ஓடிவருகிறவர்களைத்தான் ஃபாதர்மார் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

6. வகுப்பு, திகதி, மொழி

பெற்றோரும் ஞானப்பெற்றோரும் ஆயத்த வகுப்புக்குப் போக வேண்டும். எங்களுக்கு இரண்டு மாலைகள். ஞானப்பெற்றோர் வெளியூர் என்றால் அவருடைய பங்கில் வகுப்பு எடுத்துக் கடிதம் கொண்டுவரலாமா என்று கேளுங்கள், அக்கா அப்படித்தான் செய்தார், இரண்டு பஸ் பயணம் மிச்சம்.

தபசு காலத்தில் பல பங்குகளில் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விபூதிப் புதன் முதல் உயிர்த்த ஞாயிறு வரை நாட்காட்டியில் அடித்துவிட்டு மிச்ச நாட்களைப் பாருங்கள். சில பங்குகளில் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும்தான், அதை விட்டால் இன்னொரு மாதம்.

கொழும்பில் பல கோயில்களில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பூசை நடக்கும். ஞானஸ்நானம் எந்த மொழியில் என்று பதியும்போதே கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் அன்றைக்கு எந்தக் குழு கூடுகிறதோ அதில் சேர்த்துவிடுவார்கள். 'விசுவசிக்கிறேன்' என்று பிள்ளைக்காகச் சொல்லும் வார்த்தை நம் தாய்மொழியில் வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன், அதற்காக இரண்டு வாரம் கூடக் காத்திருந்தோம், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

7. அந்த நாளில்

வாசலிலேயே பிள்ளையின் பெயர் என்ன, திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்று கேட்பார்கள். பதிலை முதல்நாளே சொல்லிப் பாருங்கள், அந்த நேரத்தில் தொண்டை அடைக்கும். நெற்றியில் சிலுவை அடையாளம் ஃபாதர் இடுவார், பிறகு நீங்களும் ஞானப்பெற்றோரும் இடுவீர்கள். நெஞ்சில் எண்ணெய் பூசுவதால் முன்பக்கம் பொத்தான் திறக்கும் உடுப்பாக இருக்கட்டும். தண்ணீர் மூன்று முறை ஊற்றியதும் உச்சந்தலையில் கிறிஸ்மா தைலம் பூசுவார்கள், ஆகவே தொப்பி, தலைப்பட்டி வேண்டாம். ஒரு துவாய் கையில் இருக்கட்டும். கோயிலில் எரியும் பெரிய பாஸ்காத் திரியிலிருந்து பிள்ளையின் மெழுகுதிரியைத் தகப்பனோ ஞானத்தகப்பனோ ஏற்றுவார், அதற்குக் கைபிடியோடு உள்ள திரி வாங்குங்கள், மெழுகு கையில் வழியாது.

அரை மணி நேரம் முன்னால் பால் கொடுத்துவிடுங்கள். மகள் தண்ணீர் பட்டதும் அழவில்லை, கண்ணை விரித்து ஃபாதரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

8. செலவு

ஞானஸ்நானத்துக்குக் கட்டணம் கிடையாது. காணிக்கை கொடுப்பது வழக்கம், எவ்வளவு என்று கேட்கவும் வெட்கப்பட வேண்டாம், இல்லாதவர்களுக்கு அதற்காக மறுக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். மெழுகுதிரி எங்களுக்கு 600 ரூபாய். உடுப்பை என் கல்யாணச் சேலையில் ஒரு துண்டு வெட்டி மாமி தைத்தார், கடையில் வாங்கினால் பல ஆயிரம் போகும். மிச்சமெல்லாம் சாப்பாடும் படமும்தான், அது உங்கள் விருப்பம். ஆனால் கோயில் திகதி எழுத்தில் கிடைக்கும்வரை மண்டபத்துக்கு முற்பணம் கட்டாதீர்கள். நாங்கள் கட்டிய 15,000 ரூபாய் திரும்ப வரவில்லை, பிறகு வீட்டு மொட்டைமாடியில் முப்பது பேருக்குச் சாப்பாடு கொடுத்து முடித்தோம். உண்மையில் அதுதான் நிறைவாக இருந்தது.

9. பெரியவர்களுக்கு

ஏழு வயது தாண்டிய பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் வழி வேறு. ஞானோபதேசம் படிக்க வேண்டும், பெரும்பாலும் பல மாதங்கள், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய இரவுத் திருவழிபாட்டில் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். கல்யாணத் திகதி குறித்துவிட்டு இரண்டு மாதத்துக்கு முன்னால் போய் நின்றால் நடக்காது. அங்கிலிக்கன், மெதடிஸ்த சபையில் ஏற்கெனவே பெற்றவர்களுக்கு மறுபடி கொடுப்பதில்லை, அந்தச் சான்றிதழைக் கொண்டுபோங்கள். முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளில் பெறுகிறவர்கள் கனமான கருநிற உடுப்பும் மாற்றுடுப்பும் எடுத்துப் போங்கள், வெள்ளை நனைந்தால் சங்கடம்.

10. புத்தகத்தில் கையெழுத்துப் போடுமுன்

சடங்கு முடிந்ததும் எல்லாரும் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். போகாதீர்கள். முதலில் பதிவுப் புத்தகத்தில் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, உங்கள் பெயர்கள், ஞானப்பெற்றோர் பெயர் ஆகியவற்றை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் கவனம், நம் பெயர்களில் ஒரு 'எச்' கூடுவதும் குறைவதும் சாதாரணமாக நடக்கும். எங்கள் மாமாவின் பெயரில் அப்படி விடுபட்ட ஓர் எழுத்தை அவருடைய கல்யாணத்தின்போதுதான் கண்டார்கள். அந்த நிமிடமே சொன்னால் ஃபாதர் திருத்தி விடுவார், வருடங்கள் கழித்துப் போனால் மூலப்பத்திரங்களோடு விண்ணப்பம் எழுத வேண்டிவரும்.

சான்றிதழை லேமினேட் பண்ணாதீர்கள். முக்கியமானது உங்கள் கையில் இருக்கும் தாள் இல்லை, கோயிலில் இருக்கும் புத்தகம்தான். பின்னாளில் பிள்ளையின் உறுதிபூசுதலும் திருமணமும் அந்த ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே குறிக்கப்படும், அதனால்தான் திருமணத்துக்கு எப்போதும் புதிதாக எடுத்த பிரதியைக் கேட்பார்கள். வீடு மாறிக்கொண்டே இருக்கும் நம்மைப் போன்றவர்கள், கோயிலின் பெயர், திகதி, புத்தக இலக்கம், பக்க இலக்கம் நான்கையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரப் பிரதியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.